பாதிக்குப் பாதி

ஜூலை 1, திங்கள்

மருந்து கம்பெனி ரெப் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக மிக்சி ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்தேன். இன்று உருவி எடுத்துவிட்டேன். எங்காவது கொட்டித் தீர்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும். வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஒனக்கு யாரத்தான் பிடிச்சிருக்கு, உலகு?" என்று கேட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

விஷயம் இதுதான். பத்தொன்பது வருஷமாக இந்த ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுத்துக்கொண்டு நிற்கிறேன். பிலோமினா அக்கா ரிட்டையர் ஆனதும் லேப் பொறுப்பு உலகம்மாளுக்குத்தான் என்று வாட்ச்மேன் முதற்கொண்டு சொன்னார்கள். நான் வெட்கத்தைவிட்டு ஒரு புதுச் சேலைகூட எடுத்து வைத்திருந்தேன். இன்று காலை டாக்டர் வள்ளிநாயகம் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அவர்தான் குழந்தை டாக்டர், ஆஸ்பத்திரிக்கு முதலாளியும் அவர்தான்.

"இவர் கனிராஜ். கோயம்புத்தூர்ல பெரிய லேப்ல இருந்தவர். இனிமே இவர்தான் இன்சார்ஜ். நீங்கதாம்மா எல்லாம் காட்டிக் குடுக்கணும்" என்றார்.

வயது முப்பத்தொன்று இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. "வணக்கம் மேடம்" என்றான்.

"வாங்க தம்பி" என்றேன். தம்பியை நன்றாக அழுத்திச் சொன்னேன். அவனுக்குப் புரிந்தது. முகம் லேசாகச் சுருங்கியது. இன்றைய நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

ஜூலை 3, புதன்

என் ஸ்டூலை ஜன்னல் பக்கமிருந்து எடுத்துக் கதவோரம் போட்டுவிட்டான். முருகன் காலண்டர் ஆணியில் ஏதோ சார்ட் தொங்குகிறது. முருகன் இப்போது அலமாரிக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கிறார்.

மத்தியானம் டிபன் டப்பாவைத் தேடினேன். வெளியே பெஞ்சில் வெயிலில் இருந்தது. டெஸ்டுக்குக் கலக்கிற ரீயேஜன்ட் வைக்கிற ஃப்ரிட்ஜில் சாப்பாடு வைக்கக் கூடாதாம். பத்தொன்பது வருஷம் வைத்தேன், யாரும் செத்துப் போகவில்லை. தயிர்சாதம் புளித்துவிட்டது. அவன் முன்னாலேயே முழுவதையும் சாப்பிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

நர்சிங் படிக்கிற பிள்ளைகள் லேப் பார்க்க வந்தார்கள். கனிராஜ் வாத்தியார் வகுப்பு எடுத்தார். நான் ஊசி பிரித்துக்கொண்டே கேட்டேன். எனக்கும் சேர்த்துத்தான் நடத்துகிறான் என்று குரலிலேயே தெரிந்தது.

மூன்று கண்ணாடி டியூபில் ஊதாச் சாயமாகப் பெர்மாங்கனேட் கரைத்தான். ஒன்றில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, கடைசியில் மூன்று. ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற மெஷினுக்குள் ஒரே நிற விளக்கு ஒன்று எரிகிறது. அதன் வெளிச்சம் டியூபுக்குள் நுழையும்போது, உள்ளே இருக்கும் சாயம் கொஞ்சத்தைத் தின்றுவிடும். எவ்வளவு தின்றது என்று மெஷின் ஒரு நம்பர் சொல்லும். சாயம் இரண்டு பங்கானால் நம்பரும் இரண்டு பங்கு. பாதியானால் பாதி. பிள்ளைகள் ஒவ்வொன்றாக மெஷினில் வைத்தார்கள். நம்பரும் சொல்லி வைத்தாற்போல் வந்தது.

பிறகு ஒரு டியூபில் கன்னங்கரேல் என்று கரைத்தான். மெஷின் "ஹை" என்று மட்டும் காட்டியது. "உள்ள இருக்கிற சாயமே வெளிச்சம் அத்தனையும் தின்னுட்டா, அந்தப் பக்கம் ஒண்ணும் போய்ச் சேராது. அதுக்கு மேல மெஷினுக்குக் கண்ணு தெரியாது. அப்ப என்ன செய்யணும்? தண்ணி ஊத்திப் பாதியாக்கி வச்சுப் பாத்துட்டு, வர்ற நம்பர ரெண்டால பெருக்கிக்கணும்" என்றான். ஒரு பெண் கைதட்டினாள். இவளெல்லாம் நர்ஸாகி நாடு விளங்கிவிடும்.

பிள்ளைகள் போனதும் என்னிடம் வந்தான். "மேடம், இங்க டைலூட் பண்ணின டியூப்ப எப்படி அடையாளம் வைப்பீங்க?"

நாங்கள் டியூபின் கழுத்தில் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றுவோம். பிலோமினா அக்கா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். கழுத்தில் பிளாஸ்திரி இருந்தால் தண்ணீர் சேர்த்தது, இல்லாவிட்டால் ரத்தத்திலிருந்து பிரித்த சுத்தமான சீரம். ஒரு பார்வை போதும்.

"ஒங்க கோயம்புத்தூர்ல எப்படி வைப்பீங்களோ அப்படியே வையுங்க, தம்பி" என்றேன்.

ஜூலை 8, திங்கள்

போட்டுக் கொடுத்துவிட்டான். பிப்பெட் முனையைக் கழுவி இரண்டாவது தடவை உபயோகிக்கிறேன் என்று டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். ஓபி கூட்டத்துக்கு முன்னால் டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். சிக்கனமாக இருக்கச் சொன்னதே அவர்தான், அது அவருக்கு மறந்துவிட்டது.

இனி அவனிடம் ஒரு வார்த்தை பேசினால் நான் உலகம்மாள் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

பேசவில்லை. நிம்மதியாக இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

இப்போதெல்லாம் வார்டு நர்ஸ் ஜான்சிதான் தூது. "சிஸ்டர், ஒங்க சாருகிட்ட சொல்லுங்க, சுகர் ரீயேஜன்ட் முடியப்போகுதுன்னு" என்பேன். அவன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பான். "சிஸ்டர், ஆர்டர் போட்டாச்சுன்னு மேடத்துட்ட சொல்லுங்க" என்பான். ஜான்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான இருக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டு போகிறாள்.

ஷிஃப்ட் மாறும்போதுதான் தொல்லை. முதல் ஆள் அடுத்த ஆளிடம் எது முடிந்தது, எது பாக்கி என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவன் வந்து எதிரில் நின்று தொண்டையைச் செருமுவான். அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறேன். ரத்தத்தைச் சுழற்றிச் சீரம் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜ் இருக்கிறதே, அது பிலோமினா அக்கா காலத்துப் பழசு. போட்டால் மாவு மில்லுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். அவன் வாயைத் திறந்ததும் சுவிட்சைத் தட்டிவிடுவேன். காலியாக இருந்தாலும் ஓடட்டும். அவன் வாய் மட்டும் அசையும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

இதைக் கண்டுபிடித்ததிலிருந்து இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஜூலை 15, திங்கள்

மெட்டர்னிட்டி வார்டில் இசக்கிப்ரியா என்று ஒரு பெண். தலைப்பிரசவம், பெண் குழந்தை. அம்மாவுக்கு ஓ குரூப், குழந்தைக்கு பி. இப்படிச் சேர்ந்தால் மஞ்சள்காமாலை கொஞ்சம் ஏறத்தான் செய்யும். நீல விளக்கின் கீழ் போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது குட்டி, கண்ணைக் கட்டிக் கிடத்தியிருக்கிறார்கள். மஞ்சளை அந்த நீல வெளிச்சம் தின்னும் என்பார்கள். உண்மையில் வெளிச்சத்தைத்தான் மஞ்சள் தின்கிறது, தின்று தானும் கரைகிறது.

இன்று காலை நான் போட்டுப் பார்த்தபோது மஞ்சளின் அளவு, அதாவது பிலிருபின், 18.4. டாக்டர் முகம் சரியில்லை. இருபத்தைந்துக்கு மேல் போனால் மூளையைத் தொட்டுவிடும், முதலில் காதுதான் போகும். அப்படி ஏறினால் திருநெல்வேலிக்கு அனுப்பிக் குழந்தையின் ரத்தத்தையே மாற்ற வேண்டும். அந்த வசதி இங்கே கோவில்பட்டியில் எங்களிடம் இல்லை.

குழந்தையின் அப்பன் செந்தூர்ராஜா, லோடு வேன் ஓட்டுகிறவன், ரத்தம் எடுக்கும்போது பக்கத்திலேயே நின்று முறைத்தான். "பச்சப் பிள்ளைய எத்தன தடவக்கா குத்துவீங்க? நீங்க என்ன பிள்ள பெத்ததே இல்லையா?" என்றான். நான் பெறவில்லைதான். அதை அவனிடம் சொல்லவில்லை.

இந்த வாரம் எங்கள் இன்சார்ஜுக்கு நைட் டூட்டி.

ஜூலை 16, செவ்வாய், டீ குடிக்கிற நேரம்

எழுதாமல் இருக்க முடியவில்லை. கை பரபரக்கிறது. பிடித்தேன் அவனை!

காலையில் டூட்டிக்கு வந்தேன். வழக்கம்போல் எதிரில் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையை டியூப் அடுக்குகிற ராக் பக்கம் நீட்டிக்கொண்டு வாயைத் திறந்தான். தட்டினேன் சுவிட்சை. இன்று போகாமல் ரொம்ப நேரம் நின்றான். ஏதோ கத்திக்கூடச் சொன்னான். நான் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் கையை உதறிவிட்டுப் போனான்.

அவன் போய் அரை மணி நேரத்தில் டாக்டர் இறங்கி வந்தார். கையில் கனிராஜ் விடிகாலையில் கொடுத்த ரிப்போர்ட். இசக்கிப்ரியா குழந்தைக்கு 27.2.

"உலகம்மா, நேத்து பதினெட்டு. ஒரே ராத்திரில இவ்ளோ ஏறுமா? ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். ஆனா பிள்ளையோட அப்பன் இன்னொரு தடவ குத்த விடமாட்டேங்கான். அதே ரத்தத்துல இன்னொரு தடவ போட்டுப் பாருங்க."

தேடினால் டியூப் அதன் இடத்தில் இல்லை. ராக்கின் கடைசி வரிசையில், மூலைக் குழியில் ஒளித்து வைத்திருந்தான். ஏன் ஒளிக்க வேண்டும்? கழுத்தைப் பார்த்தேன், பிளாஸ்திரி இல்லை. குழந்தை பேர் எழுதிய அதே டியூப். சீரத்தைப் பார்த்ததுமே நினைத்தேன், இது இருபத்தேழு நிறமில்லை, வெளுப்பாக இருக்கிறது. ரீயேஜன்ட் கலந்து வைத்தேன். 13.6. இருந்த சொட்டை வழித்து மறுபடியும் வைத்தேன். அதே 13.6. மெஷின் பொய் சொல்லாது.

நம்பரை எழுதி எடுத்துக்கொண்டு ஓடினேன். வார்டு நடுவில், எல்லோரும் கேட்க, "டாக்டர், அந்த ரிப்போர்ட் தப்பு. பதிமூணு புள்ளி ஆறுதான். நேத்தைக்குக் கொறஞ்சுதான் இருக்கு" என்றேன். டாக்டர் பெரிய மூச்சு விட்டார். "நான்தான் யோசிச்சேன், இவ்ளோ ஏறாதேன்னு. தூக்கக் கலக்கத்துல என்னத்தப் பாத்தானோ. சாயங்காலம் வரை பாப்போம்" என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார். செந்தூர்ராஜா கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க மட்டும் இல்லன்னா அந்தாளு எங்கள திருநெல்வேலிக்கு அலைய விட்டிருப்பாம்க்கா" என்றான்.

இருபத்தேழாம்! இன்சார்ஜாம்! கோயம்புத்தூராம்! அந்தப் புதுச் சேலையை நாளைக்கே கட்டப் போகிறேன்.

ஜூலை 16, அதே நாள், சாயங்காலம்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் செந்தூர்ராஜா எனக்கென்று நன்னாரி சர்பத் வாங்கி வந்து கொடுத்தான், கவரில் கட்டி. ஒரு ஆளுக்கு அளந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது ஜான்சியும் வந்தாள். "எனக்கு இல்லையாக்கா?" என்றாள். ஒரு டம்ளரில் ஊற்றியதைப் பாதி அவள் டம்ளருக்கு மாற்றி, இரண்டிலும் அளவுக்குத் தண்ணீர் விட்டேன். செக்கச்செவேல் என்று இருந்தது வெளுத்துப் போனது. "பாதிக்குப் பாதி தண்ணியாக்கிட்டீங்களே" என்றாள் ஜான்சி.

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிமூன்று புள்ளி ஆறும் பதிமூன்று புள்ளி ஆறும் எவ்வளவு?

தப்பாகப் பார்த்தவன் இருபத்தைந்து என்பான், முப்பது என்பான். மிகச் சரியாக இரண்டு மடங்கு சொல்ல மாட்டான். ஓடிப் போய்க் குழந்தையைப் பார்த்தேன். நீல விளக்குக்குக் கீழே நிறம் தெரியாது. விளக்கை அணைத்து உள்ளங்காலை அமுக்கிப் பார்த்தேன். மஞ்சள் பாதம் வரை இறங்கியிருந்தது. "காலைல இருந்து பால் குடிக்கலக்கா, தூங்கிக்கிட்டே இருக்கா" என்றாள் இசக்கிப்ரியா. சந்தோஷமாகச் சொன்னாள். தூங்கினால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

புது ரத்தம் எடுக்க ஊசியைப் பிரித்தேன். செந்தூர்ராஜா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். "நீங்கதான கொறஞ்சிட்டுன்னு சொன்னீங்க? இப்ப எதுக்கு? தொட்டா கைய ஒடிச்சிருவேன்" என்றான். நான் சொன்னதை நானே தப்பு என்று சொல்ல வேண்டுமானால் எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். தெரிந்தவன் ஒருவன்தான். அவன் நம்பர் என்னிடம் இல்லை. ஜான்சி போனில் போட்டுக் கொடுத்தாள்.

"யாரு?" தூக்கக் குரல்.

"உலகம்மாள் பேசுதேன்." ஒரு வாரத்துக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை. "அந்தக் குழந்த டியூப்ல தண்ணி ஊத்துனீங்களா?"

"சலைன். பாதிக்குப் பாதி. ஹை காட்டுச்சு மேடம். இருந்ததே கொஞ்சம் சீரம், அதுலயே ஊத்திட்டேன். கடைசிக் குழியில வச்சிருக்கேனே, எங்க பழைய லேப்ல டைலூட் பண்ணினத அங்கதான் வைப்போம். அதச் சொல்லத்தான் காலைல..." நிறுத்தினான். "ஏன்? நீங்க எவ்ளோன்னு குடுத்தீங்க?"

சொன்னேன். அதற்கு அவன் ஏதோ சொன்னான். சிக்னல் சரியில்லை, கேட்கவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை, நேரே வார்டுக்கு ஓடினார். செந்தூர்ராஜாவைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவரே குத்தினார். அதற்குள் கனிராஜ் பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். மெஷின் முன்னால் இருவரும் நின்றோம். ஹை. பாதியாக்கினோம். 14.9. பெருக்கினால் 29.8.

ஆம்புலன்ஸ் மறுபடி வந்து கிளம்பியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. காலையிலேயே போயிருக்க வேண்டிய வண்டி. செந்தூர்ராஜா ஏறும்போது என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

காலையில் கனிராஜ் ஏதோ சொல்ல வந்ததாகச் சொல்கிறான். எனக்கு ஞாபகம் இல்லை. அவன் பிளாஸ்திரி போட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது.

ஜூலை 17, புதன்

டாக்டர் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். "டைலூட் பண்ணுன டியூப்னு தெரியாதா உங்களுக்கு?"

"பிளாஸ்திரி இல்ல டாக்டர்" என்றேன்.

"என்ன பிளாஸ்திரி?" என்றான் கனிராஜ். அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"ஹேண்ட் ஓவர்ல சொன்னீங்களா, இல்லையா?" டாக்டர் அவனைப் பார்த்துக் கத்தினார்.

இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சென்ட்ரிஃப்யூஜ், நான் சுவிட்ச் தட்டியது, எல்லாம். பதிலுக்குச் சொல்ல நானும் நான்கு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவன், "சரியாச் சொல்லல சார்" என்றான். அவ்வளவுதான். டாக்டர் அவனுக்கு மெமோ கொடுத்தார். எனக்கும் ஒன்று, சின்னதாக.

எவ்வளவு திமிர் இருந்தால் சொல்லாமல் விடுவான்! சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். சொல்லாமல் விட்டு என்னைத் தலை நிமிர விடாமல் செய்துவிட்டான். இந்த ஜென்மத்தில் இவனை எனக்குப் பிடிக்காது.

ஜூலை 19, வெள்ளி

ரத்தம் மாற்றிவிட்டார்களாம். உயிருக்குப் பயமில்லை. மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதாம்.

ஜூலை 20, சனி

சொர்ணமலைக் கோயிலுக்குப் போனேன். வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. படியிறங்கி வந்துவிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

திருநெல்வேலியில் குழந்தைக்குக் காது டெஸ்ட் எடுத்தார்களாம். இரண்டு காதிலும் பதில் இல்லை. காதுக்குள் நீர் இருந்தாலும் அப்படிக் காட்டுமாம், அதனால் ஒரு மாதம் கழித்து மறுபடி எடுப்பார்களாம். ஜான்சி சொன்னாள். சொல்லும்போது கனிராஜும் இருந்தான். அவன் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தான், ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லையாம். இவர்கள் வழக்கத்தில் மடியில் வைத்துக் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். "கேக்காத காதுல என்னத்தச் சொல்ல? தெரியட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று செந்தூர்ராஜா சொல்லிவிட்டானாம்.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒரு ரோல் பிளாஸ்திரி வாங்கி அவன் மேஜையில் வைத்தேன். பேசவில்லை. சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் ஊற்றிய டியூப் எல்லாம் கழுத்தில் பிளாஸ்திரியோடு கடைசிக் குழியில் நிற்கின்றன. என் வழியும் வேண்டும், அவன் வழியும் வேண்டும் அவனுக்கு. விட்டுக்கொடுக்கிற புத்தியே கிடையாது.

புதுச் சேலையை என் தங்கச்சி மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அன்று போனில் அவன் கடைசியாகச் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. "அடிப்பாவி" என்றான். என்னைத்தான் சொன்னான். அவன் வயசுக்கு அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் நான் எத்தனையோ நாள் அதை எழுதப் போய் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, புதன்

இசக்கிப்ரியா குழந்தையோடு வந்தாள். ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டாக்டர் எழுதியிருந்தார். காது டெஸ்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அவள் வாசலில் நின்றது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஏனென்றால் அப்போது நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

பழைய சென்ட்ரிஃப்யூஜைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்க அவன் டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றரை மாதமாகத் தேக்கி வைத்தது எல்லாம் வந்துவிட்டது.

"நல்லா ஓடுத மெஷின எதுக்குத் தூக்கணும்? நான் வச்சிருக்கது எது இருந்தாலும் ஒமக்குக் கண்ண உறுத்துதா?"

"அது ஓடுதுன்னா எதுக்கு ஓடுது? சொல்லுங்க! அன்னைக்குக் காலைல காலி மெஷின எதுக்குப் போட்டீங்க? நான் கத்துனேன். டியூபக் காட்டிக் கத்துனேன். நீங்க ஊசி எண்ணிக்கிட்டு இருந்தீங்க!"

"பிளாஸ்திரின்னு ஒரு வார்த்த..."

"கேட்டேனே! வந்த நாலாம் நாளே கேட்டேனே! கோயம்புத்தூர்ல வைக்கிற மாதிரி வையின்னு சொன்னது யாரு?"

ஆமாம், அவன் கேட்டான். கையில் இருந்த ட்ரேயை மேஜையில் ஓங்கி அடித்தேன். ஸ்டீல் ட்ரே. மொத்த லேப்பும் அதிர்ந்தது.

வாசலில் குழந்தை வீறிட்டு அழுதது.

திரும்பிப் பார்த்தோம். இசக்கிப்ரியா அசையாமல் நின்றாள். தோளில் கிடந்த குழந்தையின் இரண்டு கைகளும் விரிந்து நடுங்கின. முகம் சிவந்து அழுதுகொண்டிருந்தது. அவள் அதைத் தட்டிக்கொடுக்கக்கூட இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு எங்களையே பார்த்தாள்.

"தூக்கிப் போட்டுச்சு" என்றாள். "சத்தத்துக்குத் தூக்கிப் போட்டுச்சு. பாத்தீங்களா? பாத்தீங்கல்லா ரெண்டு பேரும்?"

"பயந்திருக்கும்" என்றான் கனிராஜ்.

"கேட்டாத்தான பயப்படும்?" அவள் உள்ளே வந்துவிட்டாள். "அக்கா, இன்னொரு தடவ சண்ட போடுங்க. நான் பாக்கணும். ரெண்டு பேரும் இன்னொரு தடவ கத்துங்க."

பத்தொன்பது வருஷத்தில் என் வாய்க்கு வார்த்தை பஞ்சமானதே இல்லை. இன்று ஒன்றும் வரவில்லை. குழந்தை அழுது ஓய்ந்து விக்கியது.

"மேடம்" என்றான் கனிராஜ். "அதப் போடுங்க."

அவன் காட்டியது அந்த மெஷினை. போய் நின்றேன். சுவிட்சில் விரல் வைத்தேன். எத்தனையோ தடவை தட்டிய சுவிட்ச். இன்று தட்டக் கை வரவில்லை. இது ஓடி, அந்த முகம் அசையாவிட்டால் என்ன செய்வேன்?

"போடுங்கக்கா" என்றாள் இசக்கிப்ரியா.

போட்டேன்.

விக்கல் நின்றது. குழந்தையின் கண் அகலமாகத் திறந்தது. தலை தடுமாறித் தடுமாறி, என் பக்கம், அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது. அணைத்தேன். முகம் அழத் தயாரானது. மறுபடி போட்டேன். மறுபடி திரும்பியது. எனக்கு மெஷின் மங்கலாகத் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

"டெஸ்ட் எடுத்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்று கனிராஜ் அவளிடம் சொன்னான், நான் அணைத்த பிறகு. "முழுசாக் கேக்குதா, ஒரு பக்கம் மட்டுமான்னு அவங்கதான் சொல்லணும்."

"எடுக்கட்டும்" என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். என் ஸ்டூல். குழந்தையை மடியில் கிடத்திக் குனிந்து, காதோடு வாய் வைத்து ஏதோ சொன்னாள். மூன்று தடவை சொன்னாள். வீட்டில் இனி பெரிதாக எடுத்துச் செய்வார்கள், ஆனால் முதலில் அவள் சொல்லிவிட்டாள். என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதைக் கேட்கிற யோக்கியதை கிடையாது.

ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு வந்தேன். ஷிஃப்ட் மாறுகிற நேரம். கனிராஜ் பையை மாட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றான். தொண்டையைச் செருமினான். என் கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போனது. எடுத்துக்கொண்டேன்.

"கடைசிக் குழியில ஒரு டியூப் இருக்கு. யூரியா. சலைன் ஊத்திருக்கேன். ஒண்ணுக்கு மூணு. நாலால பெருக்கணும்" என்றான்.

"கழுத்துல பிளாஸ்திரி இருக்கே, தெரியுது. எனக்குக் கண்ணு இல்லையா?" என்றேன்.

ஆனால் அவன் சொல்லி முடித்த பிறகுதான் சொன்னேன்.